விடுபட்ட எழுவாய்

பாட்டு என்றால் நம்மவர் மனத்தில் எழுவது பல்லவியும் சரணங்களும் அமைந்த ஓர் உருப்படி. நான்கைந்து நிமிடமேனும் அது ஓடவேண்டும். 46 வினாடிகளில் முடிந்துவிடும் ஒன்றைப் பாட்டென ஒப்புவதற்கே நமக்குத் தயக்கம் உண்டாகும். அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1981ஆம் ஆண்டு இயன் மெக்காய் என்னும் 19 வயது இளைஞர் தம் தோழர் மூவருடன் சேர்ந்து வெளியிட்ட ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ அத்தகையது. அவர் பாடினார் என்பதைவிட முழங்கினார் என்பதே பொருந்தும். கிதாரும் முரசும் ஒன்றையொன்று துரத்த, மூச்சுவிட இடமின்றிச் சொற்கள் உதிர்கின்றன; என்னவென்று செவி கூர்வதற்குள் பாட்டு ஓய்ந்துவிடுகிறது. அவர் சொன்ன செய்தி இதுதான்: நான் குடிப்பதில்லை, போதை மருந்தைத் தொடுவதில்லை, அவற்றின் துணை எனக்கு வேண்டியதுமில்லை.

இந்த ஆரவார இசைக்கும் இவ்விதழுக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். இசை கூடுமா கூடாதா என்னும் வழக்கு மிகப் பழையது. அதை நாம் இங்கே திறக்கப்போவதில்லை. நாம் எடுத்துக்கொண்டது சொல்லாராய்ச்சி. ‘வேண்டாம்’ என்று ஒருவன் சொல்லும்போது அச்சொல் அவன் தன்னைக் குறித்துச் சொன்னதா, எதிரில் நிற்பவனை நோக்கிச் சொன்னதா? தன்மையா, முன்னிலையா? கஞ்சாவும் மாத்திரையும் பள்ளி வாயில் வரை வந்துவிட்ட இந்நாளில், பிள்ளைகளிடம் இவை பற்றிப் பேசித் தீரவேண்டிய பெற்றோருக்கும் எம்போன்ற ஆசிரியருக்கும் இது வெறும் இலக்கண விளையாட்டாகத் தோன்றாது.

முதலில் அவ்விளைஞர் பிறந்து வளர்ந்த சூழலைச் சிறிது காண்போம். 1960களின் நடுப்பகுதி தொட்டு ராக் இசையும் போதையும் ஒரே கொடியில் பூத்தவை போலப் பேசப்பட்டன. எல்எஸ்டி மனத்தின் கதவுகளைத் திறந்துவிடும், கஞ்சா கற்பனைக்குச் சிறகு தரும் என்றெல்லாம் ஒரு சித்தாந்தமே உருவாகியிருந்தது. போதையை ஏற்காதவன் கலைஞனே அல்லன், அவன் பழைய உலகத்தின் ஆள் என்ற எண்ணம் பரவியது. அதன் விலையும் விரைவில் தெரிந்தது. கிதார் வாசிப்பில் இணையற்றவரெனப் போற்றப்பட்ட ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18இல் லண்டனில் தூக்க மாத்திரைகளை அளவுமீறி உட்கொண்ட நிலையில் மாண்டார். பதினாறு நாள் கழித்து, அக்டோபர் 4இல், ஜானிஸ் ஜாப்ளின் என்னும் பாடகியை ஹெராயின் கொண்டுபோயிற்று. இருவருக்கும் வயது 27. இந்தச் சாவுகளைக் கண்டு அந்த உலகம் வெட்கியிருக்கவேண்டும்; நடந்தது வேறு. இளமையில் எரிந்து மடிவதே மேதைமையின் இலக்கணம் என்று அவற்றைக் காவியமாக்கிக்கொண்டார்கள்.

1970களின் பிற்பகுதியில், முன்னோரின் பூமாலைக் கனவுகளையெல்லாம் எள்ளி நகையாடிக்கொண்டு ‘பங்க்’ என்னும் முரட்டு இசை எழுந்தது. பழையதை அனைத்தும் இடித்துத்தள்ளுவோம் என்று சூளுரைத்த அவ்வியக்கம் போதையை மட்டும் இடிக்காமல் விட்டுவைத்தது. அதன் பேர்பெற்ற முகங்களுள் ஒருவரான சிட் விஷியஸ் 1979 பிப்ரவரி 2இல் நியூயார்க்கில் ஹெராயினுக்கு இரையானபோது அவருக்கு வயது 21. ஆக, மெக்காய் இசைக்கு வந்தபோது அவருக்குக் கிடைத்த முதுசொம் இரண்டு தலைமுறைப் பிணங்கள்.

மெக்காய் 1962இல் வாஷிங்டனில் பிறந்தவர், தந்தை பத்திரிகையாளர். பள்ளி நாள்களில் நண்பர்களுடன் சேர்ந்து ‘டீன் ஐடில்ஸ்’ என்றொரு குழு அமைத்தார். 1980 கோடையில் இச்சிறுவர்கள் பேருந்தேறி, அந்த நாட்டின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு, கலிபோர்னியா வரை பயணம் போனார்கள். சான் பிரான்சிஸ்கோவில் ‘மபுஹாய் கார்டன்ஸ்’ என்னும் அரங்கில் ஒரு சிக்கல் எழுந்தது. அங்கே மது விற்பனை உண்டு. இவர்களுக்கோ மது அருந்தும் வயது ஆகவில்லை. மேடையேற விடலாம், மது கொடுக்கக்கூடாது என்பதற்கு அடையாளமாக அரங்கத்தார் இவர்களின் புறங்கையில் கறுப்பு மையால் பெரிய பெருக்கற்குறி ஒன்றை இட்டனர். ஊர் திரும்பியதும் வாஷிங்டனின் ‘9:30 கிளப்’ நடத்துவோரிடம் இவர்கள் அதையே ஒரு யோசனையாகச் சொன்னார்கள்: எங்கள் வயதினரை உள்ளே விடுங்கள், கையில் குறியிடுங்கள், குறியிட்ட எவனேனும் குடித்தால் வெளியேற்றுங்கள் என்று.

இங்கே நாம் சற்று நிற்கவேண்டும். அந்தக் குறி முதலில் ஒரு தடைமுத்திரை. ‘இவன் சிறுவன், இவனுக்குக் கொடாதே’ என்று கடைக்காரனுக்கு இடப்பட்ட கட்டளை. சிறுவர்களோ அதை வாங்கித் தம் வாய்மொழியாக மாற்றிக்கொண்டார்கள்: ‘எனக்கு வேண்டாம்.’ கை மாறவில்லை, மையும் மாறவில்லை. பேசுகிறவன் மட்டும் மாறினான். நாளடைவில், வயது நிரம்பி, கேட்டால் தாராளமாக மது கிடைக்கும் நிலையிலிருந்தவர்களும் தாமே கையில் பெருக்கற்குறி இட்டுக்கொண்டு வந்தார்கள்.

அக்குழு கலைந்தது. மேடைகளில் கிடைத்த சில நூறு டாலர்களைப் பங்கிடாமல் சேமித்து வைத்திருந்தார்கள். அதைக் கொண்டே ‘டிஸ்கார்ட்’ என்னும் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். தட்டின் உறைகளை வீட்டில் உட்கார்ந்து தாமே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். 1980 இறுதியில் மெக்காய் பாடகராக ‘மைனர் த்ரெட்’ என்னும் புதுக்குழு தோன்றிற்று. அதன் முதல் தட்டிலுள்ள எட்டுப் பாட்டுகளுள் ஒன்றே நாம் முதலில் சொன்ன 46 வினாடிப் பாட்டு.

பாட்டின் பெயரைப் பார்க்கலாம். ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்பது தச்சரும் வரைவாளரும் கோடு கிழிக்கும் சட்டத்தின் நேரான விளிம்பு. ஆங்கிலத்தில் ‘எட்ஜ்’ என்பதற்கு ஒருவன் மற்றவனைவிட முந்தியிருக்கும் சிறு மேம்பாடு என்றும் பொருள் உண்டு. தெளிந்த மூளையோடு இருப்பதே என் மேம்பாடு என்ற சிலேடை அதில் அடங்கியுள்ளது. பாட்டு உபதேசத்தோடு தொடங்கவில்லை. கேட்பவனைப் போலவே நானும் ஒரு சாதாரண ஆள் என்று சமநிலையில் நின்று ஆரம்பித்து, எனக்குச் செய்ய வேறு வேலை இருக்கிறது என்கிறது. பின்பு மாத்திரை, பசையின் ஆவி என்று அக்காலத்து விடலைகள் நாடிய பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தள்ளுகிறது. போதை பாவம் என்றோ நரகம் என்றோ அதில் இல்லை. உடல்நலக் கையேட்டின் வாசகமும் இல்லை. அது வேலையற்றவன் செய்யும் வேலை, எனக்கு நேரமில்லை என்ற அளவில் நின்றுவிடுகிறது. போதைக்கு எதிராக எழுதப்பட்டவற்றுள் இவ்வளவு மலிவாக அதை மதிப்பிட்டது அரிது. அஞ்சத்தக்க பெரும்பகையாக அதைச் சித்திரித்தால் இளைஞன் உள்ளத்தில் ஒரு கவர்ச்சி பிறந்துவிடும். சலிப்பூட்டும் ஒன்று என்று ஒதுக்கிவிட்டால் கவர்ச்சிக்கு இடமேது?

குறையும் உண்டு. போதையில் கிடப்பவர்களை நடைப்பிணங்களாக அவர் காண்கிறார். அவர்களிடம் இரக்கம் காட்டவில்லை, ஏளனம் இருக்கிறது. அந்த வயதின் செருக்கு அது. நோயில் விழுந்தவனை இகழ்வதால் அவன் எழுந்துவிடுவதில்லை என்பதை மெக்காயின் வயதில் அறிந்தவர் சிலரே.

இரக்கத்துக்கு வேறொரு பாட்டைத்தான் நாடவேண்டும். கனடாவில் பிறந்த நீல் யங் 1972 பிப்ரவரியில் வெளியான ‘ஹார்வெஸ்ட்’ என்னும் தட்டில், ஹெராயின் ஊசி தம் கண்ணெதிரே தோழர்களை அழித்ததைச் சொல்லும் சிறு பாட்டொன்றைச் சேர்த்தார். தனிக் கிதாருடன் ஒரு பல்கலைக்கழக அரங்கில் 1971 ஜனவரியில் பாடிப் பதிந்தது. அவர் மனத்தில் இருந்தவர்களுள் முதன்மையானவர், அவருடன் வாசித்து வந்த டேனி விட்டன். பாட்டு வெளியாகி ஒன்பது மாதங்களில், 1972 நவம்பரில், மதுவும் மாத்திரையும் சேர்ந்து விட்டனின் உயிரைக் குடித்தன. கவிதை என்ற வகையில் இது மெக்காயின் பாட்டைவிட எத்தனையோ மடங்கு உயர்ந்தது என்பதில் எமக்கு ஐயமில்லை. அரபுக் கவிஞரின் ‘மர்ஸியா’ என்னும் கையறுநிலைப் பாட்டுகளோடு ஒருங்கே வைத்துப் பேசத்தக்கது. ஆனால் அதன் அழகே அதற்குப் பகையாகவும் இருக்கிறது. பதிவின் இறுதியில் அரங்கத்தாரின் கைதட்டல் கேட்கிறது. கேட்டவர் உருகினார்கள், தட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். எரிந்து மடிபவனின் காவியத்தில் இன்னுமொரு அழகிய ஏடு சேர்ந்துவிட்டது. மெக்காயின் பாட்டில் உருகுவதற்கு ஒன்றுமில்லை.

இனி, நாம் தலைப்பில் குறித்த பொருளுக்கு வருவோம்.

அதே 1981இல் மைனர் த்ரெட் குழு ‘அவுட் ஆஃப் ஸ்டெப்’ என்று இன்னொரு பாட்டை வெளியிட்டது. உலகத்தின் நடைக்கு என் நடை ஒத்துவரவில்லை என்பது தலைப்பின் கருத்து. அதில் மூன்று மறுப்புகள் அடுக்கப்படுகின்றன: புகை இல்லை, குடி இல்லை, உடலின்பத்தை வேட்டையாகக் கொண்டு திரிவதில்லை. மூன்றாவதற்கு அவர் ஆண்ட சொல் கொச்சையானது. குடும்ப இதழில் எழுதத்தக்கதன்று. கருத்தில் கொச்சை இல்லை.

அவ்வடிகளில் ‘நான்’ என்னும் எழுவாய் இல்லை. பாட்டின் விரைந்த தாளத்தில் அந்த ஓரசை இடங்கொள்ளாமையால் அதை விட்டுவிட்டார்கள். யாப்பு கற்றவர்களுக்கு இது புதிதன்று. தளை தட்டுமென்று ஒரு சீரைக் குறுக்காத புலவர் யார்? தமிழிலே இப்படி எழுவாயை விடுவதால் இடர் ஏதுமில்லை. ‘குடியேன்’ என்றால் பேசுகிறவன் தன்னைச் சொல்கிறான். ‘குடியாதே’ என்றால் எதிரிலிருப்பவனைத் தடுக்கிறான். வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லை. ‘டோன்ட் கோ’ என்றால் ‘போகாதே’ என்று பொருள். ‘ஐ’ என்பதை வாயில் விழுங்கிவிட்டு ஒருவன் அதையே சொன்னால் ‘நான் போவதில்லை’ என்றும் ஆகலாம். எழுவாய் ஒன்றே வேலி. வேலியை எடுத்துவிட்டால் தன்மையும் முன்னிலையும் கலந்துபோகும்.

அரபு மொழி பயின்றோர்க்கு இந்த இடம் இன்னும் சுவையாயிருக்கும். ‘லா’ என்னும் ஒரே இடைச்சொல் அங்கே இரு தொழில் செய்கிறது. ஒன்று ‘நஃபீ’, அதாவது இல்லை எனல். மற்றொன்று ‘நஹீ’, அதாவது செய்யாதே எனத் தடுத்தல். ‘லா தஷ்ரபு’ என்றால் நீ குடிப்பதில்லை. ‘லா தஷ்ரப்’ என்றால் குடியாதே. இறுதியிலே ஓர் உகரம் நிற்கிறதா, சுகூனாகி அவிந்ததா என்பதைப் பொறுத்துச் செய்தி கட்டளையாகிவிடும். பேசுகிறவன் தன்னைச் சொல்வதானால் ‘லா அஷ்ரபு’ என்பான். வினையின் முதலெழுத்தே மாறிவிடும், மயக்கத்துக்கு இடமில்லை. சர்ஃபு பாடத்தின் தொடக்க வகுப்புகளில் இவ்வேறுபாட்டை மாணவர் மனத்தில் பதியவைப்பதற்குள் எமக்குத் தொண்டை வற்றிவிடும். வாஷிங்டன் இளைஞர்கள் இந்தப் பாடத்தைத் தாமே, ஒரு சண்டையின் வாயிலாகக் கற்றுக்கொண்டார்கள்.

சண்டை குழுவுக்குள்ளேயே மூண்டது. முரசு வாசித்த ஜெஃப் நெல்சன் இவ்வடிகளை ஏற்கவில்லை. ‘நான்’ என்பது மறைந்து கிடப்பதால் நாம் பிறர்க்குச் சட்டம் விதிப்பதாகத்தானே கேட்பவர் கொள்வர் என்பது அவர் கட்சி. நேரிய வாதம், முரசடிப்பவருக்குள்ளே ஓர் உரையாசிரியர் இருந்திருக்கிறார் என்றே சொல்லத் தோன்றுகிறது. 1983இல் அதே பாட்டை அவர்கள் மறுபடி பதிந்தபோது நடுவிலே இசையின் மீது மெக்காய் பேச்சாகவே ஒரு விளக்கம் சேர்த்தார்: இவை எவருக்கும் நான் வகுக்கும் விதிகள் அல்ல, எவரையும் இப்படி நட என்று ஏவவுமில்லை, இவற்றைப் பெரிதாக எண்ணும் உலகில் எனக்கு இவை தேவைப்படவில்லை என்னும் கருத்துப்பட. மூலத்துக்குள்ளேயே உரையையும் பாடிய பாட்டு இது. தாளத்துக்காக விட்ட ஓரசையை மீட்பதற்குப் பல வாக்கியங்கள் வேண்டியிருந்தன. அத்தட்டின் உறைமேல் ஒரு படம்: வெள்ளாட்டு மந்தையென ஒரு போக்கில் போகும் வெண்ணிறச் செம்மறிகளை விட்டு ஒரு கறுப்புச் செம்மறி மட்டும் துள்ளி வேறுபுறம் ஓடுகிறது.

அதே நகரம், அதே ஆண்டுகள். அங்குள்ள வெள்ளை மாளிகையிலிருந்து, அப்போதைய அதிபர் ரேகனின் துணைவியார் நான்சி ரேகன் போதைக்கு எதிரான பெரும் பிரசாரத்தை நடத்திக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு என ஏவுவது அதன் முழக்கம். ஏவல்வினையில் அமைந்த வாசகம். சொல்லவேண்டிய சொல்லையும் மேலிருந்தே வாயில் ஊட்டிவிடுகிறது. அம்மையாரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. பள்ளிச் சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் அவ்வாசகம் நிறைந்திருந்தது. ஆயினும் நள்ளிரவில், தோழர் வட்டத்தில், கைக்குக் கை மாறி ஒரு பொட்டலம் தன்னிடம் வரும்போது பதினாறு வயதுப் பையனுக்கு அதிபர் மனைவியின் முகம் நினைவுக்கு வருமா? தன்னைப் போன்றே கிழிந்த சட்டையும் மழித்த தலையுமாக மேடையில் நின்ற ஒருவன் ‘நான் தொடுவதில்லை’ என்றது வரலாம்.

இதற்கு எம் கையிலிருக்கும் சான்று அரபு இலக்கியத்தினது. அப்பாஸியர் காலத்து பாக்தாதில் வாழ்ந்த அபூ நுவாஸின் ‘கம்ரிய்யாத்’ என்னும் மதுப் பாட்டுகளைச் சமய உணர்வுடையோர் எவ்வளவு வெறுத்தாலும் அவை சாகவில்லை. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாகப் படிக்கப்படுகின்றன. மொழித்திறம் ஒரு காரணம். மற்றொன்று, அவன் பிறர்க்குக் கட்டளையிடுவதில்லை. தன் ஆசையைத் தன்மையிலே சொல்கிறான். அப்பாட்டுகளில் ‘லாயிம்’ என்று ஒரு பாத்திரம் அடிக்கடி வருவான். குடிக்கிறவனைக் கடிந்துகொள்ளும் பழிப்போன் அவன். அவனுக்குப் பெயரில்லை, முகமில்லை. பேசுவதெல்லாம் முன்னிலையில், அதுவும் கவிஞன் அனுமதிக்கும் அளவுக்கே. அவன் கடிந்துகொள்ளக் கடிந்துகொள்ளக் குடிப்பவன் வீரனாகத் தெரிகிறான். கவிஞனுக்குத் தேவையானதும் அதுவே. பழிப்போன் இல்லாவிட்டால் மதுப்பாட்டுக்குச் சுவை குறைந்துவிடும். அதே காலத்தவரான அபுல் அதாஹியா துறவுநெறிப் பாட்டுகள் பாடினார். பெரும்பாலும் கேட்பவனை விளித்து மரணத்தை நினைவூட்டுவன. உயர்ந்த பாட்டுகளே. என்றாலும் மதுக்கூடத்து வாலிபன் செவியில் அவை லாயிமின் குரலாகவே விழுந்திருக்கும்.

மெக்காய் செய்த புதுமை இதுதான் என்பது எம் கருத்து. பழிப்போனுக்குரிய பீடத்தை அவர் காலியாக விட்டார். குடிக்கிறவன் நின்ற இடத்திலேயே, அதே மேடையில், அதே உரத்த இசையோடு நின்றுகொண்டு, அபூ நுவாஸ் ஆசையைச் சொன்ன தன்மையிடத்தில் தம் மறுப்பைச் சொன்னார்.

ஆனால் தன்மை நெடுநாள் தன்மையாய் நிற்கவில்லை. 1982 அளவிலேயே பாஸ்டன் நகரத்துக் குழுக்கள் சில இந்நெறியைக் கடுமையான வீராப்போடு கையிலெடுத்தன. பின்னர் நியூயார்க்கில் ஒரு புதுத் தலைமுறை புலால் மறுத்தலையும் அதனோடு இணைத்தது. 1990 வாக்கில் ‘ஹார்ட்லைன்’ என்று பெயர் சூட்டிக்கொண்ட பிரிவு உணவு, உறவு, உடல் அனைத்துக்கும் விதி வகுத்து, மீறியவரைப் பகைவரெனக் கருதத் தொடங்கியது. 1990களின் பிற்பகுதியில் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் நகரில் இப்பெயர் சொல்லிக்கொண்ட சிலர் அடிதடியிலும் தீவைப்பிலும் இறங்க, காவல்துறையினர் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் இளைஞரைக் குற்றக் கும்பல்களின் பட்டியலில் வைத்துக் கண்காணிக்கும் நிலை வந்தது. குடிப்பதில்லை என்று கையில் குறியிட்டவன், குடிப்பவன் மேல் அந்தக் கையை ஓங்கிவிட்டான். நஃபீயாகப் பிறந்த சொல் நஹீயாகி, பின்பு தடியாயிற்று. துள்ளி ஓடிய கறுப்புச் செம்மறியின் பின்னே கறுப்புச் செம்மறிகளின் மந்தையொன்று சேர்ந்துகொண்டது. மெக்காய் தாம் ஓர் இயக்கத்தின் தலைவரல்லர் என்று பலமுறை சொல்லிவிட்டார். அது தம்மைப் பற்றிய ஒரு பாட்டு, அவ்வளவே என்கிறார்.

முஸ்லிம் வாசகர் அறிய வேண்டிய ஒரு கிளைக்கதையும் உண்டு. இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் மைக்கேல் முஹம்மது நைட் 2003இல் வெளியிட்ட ‘த தக்வாகோர்ஸ்’ என்னும் நாவல், பங்க் இசையில் மூழ்கிய முஸ்லிம் இளைஞர்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டின் கதை. தக்வா என்னும் நம் சொல்லையும் ஹார்ட்கோர் என்னும் அவர்கள் சொல்லையும் ஒட்டுப்போட்டது தலைப்பு. நாவலில் ஆபாசமும் அவமதிப்பும் மலிந்துள்ளன. இல்லத்தில் வைத்துப் படிக்க நாம் பரிந்துரைக்க மாட்டோம். அதில் வரும் உமர் என்னும் பாத்திரம் மட்டும் நம் ஆராய்ச்சிக்கு உதவும். அவன் சுன்னி முஸ்லிம், கூடவே ஸ்ட்ரெய்ட் எட்ஜ்காரன். மார்க்கம் விலக்கியதும் இசைக்கூட்டம் விலக்கியதும் அவனிடத்தில் ஒன்றாகிவிட்டதால் இரட்டை உறுதியோடு குடியை வெறுக்கிறான்; உடனிருப்போர் குடிக்கும்போதெல்லாம் சினந்து பொருமுகிறான். அப்படிப்பட்டவன் தன் மேனியெங்கும் பச்சை குத்திக்கொண்டிருக்கிறான்! பச்சை குத்துவதும் விலக்கப்பட்டதுதானே என்ற வினாவை ஆசிரியர் நம் பார்வைக்கே விட்டுவிடுகிறார். கூர்மையான படைப்பு. பிறனது மீறலை எண்ணிக்கொண்டிருப்பவனுக்குத் தன் தோலே கண்ணில் படாமற்போவதை ஒரு வரி விளக்கமும் இன்றிக் காட்டிவிட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: விலக்கப்பட்டதை விலக்கு என்று சொல்வது கடமையாயிற்றே, ‘லா தஷ்ரப்’ என்பதையே கைவிடச் சொல்கிறீரா என்று. அல்லவே அல்ல. கட்டளைக்கு அதிகாரம் வேண்டும். இறைவனுக்கு அது உண்டு, சட்டத்துக்கு உண்டு, பெற்றவர்க்கும் ஓரளவு உண்டு. நாம் பேசுவது பாட்டையும் கவிதையையும் பற்றி. ஆண்டுதோறும் ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் வந்துவிட்டால் பள்ளிகளில் கவிதைப் போட்டிகள் நடக்கின்றன. நடுவராக அமர்ந்து அத்தகைய தாள்கள் பலவற்றைப் படித்திருக்கிறோம். ‘இளைஞனே’ என்ற விளியில் தொடங்காதது அபூர்வம். எழுதியவனும் இளைஞன்தான், பதினைந்து வயதுப் பிள்ளை எழுபது வயதுப் பெரியவர் குரலை இரவல் வாங்கிக்கொண்டு தன் தோழனை விளித்துக் கடிகிறான். அவன் தெருவில் யார் என்ன விற்கிறான், யார் அவனிடம் நீட்டினான், மறுத்தபோது என்ன பெயர் சொல்லி நகைத்தார்கள், அன்றிரவு உறக்கம் வந்ததா? ஒன்றும் தாளில் இல்லை. இருந்தால் பரிசு கிடைக்காது என்று யாரோ அவனுக்குக் கற்பித்துவிட்டார்கள். நம் இதழ்களுக்கு வரும் கவிதைகளின் நிலையும் பெரிதும் வேறல்ல. லாயிமின் வேடத்தை நம் பிள்ளைகளுக்கு நாமே தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மைனர் த்ரெட் 1983இல் கலைந்தது. மெக்காய் 1987 முதல் ‘ஃபுகாசி’ என்னும் குழுவில் பாடினார். 2002க்குப் பின் அக்குழு மேடையேறவில்லை. அந்நாள்களில் அவர்கள் நுழைவுக் கட்டணத்தைப் பெரும்பாலும் 5 டாலர் அளவிலேயே வைத்திருந்தார்கள். எந்த வயதினரும் வரக்கூடிய அரங்குகளையே நாடினார்கள். அவர்களின் கச்சேரிகளில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் எவனேனும் முரட்டு ஆட்டம் ஆடிப் பக்கத்திலிருப்பவரை இடித்துத் துன்புறுத்தினால் பாட்டைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். மெக்காய் ஒலிவாங்கியில் அவனை ‘ஐயா’ என்று விளித்து, அருள்கூர்ந்து இதை நிறுத்துங்கள் என்பார். கேளாவிட்டால், வாயிலில் அவனிடம் வாங்கிய 5 டாலரை ஓர் உறையிலிட்டுக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டு, நிறுத்திய இடத்திலிருந்து பாட்டைத் தொடர்வார்கள்.